அகராதியில் வசை இல்லை என்றால் வசையே இல்லையா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 08.11.2025

இலங்கையில் தேயிலைத் தோட்டத்து மக்களைச் சொல்லும் 'தோட்டக்காடு' என்ற சொல்லில் எது வசை என்று யாராவது விளக்குவீர்களா? தோட்டம் நல்ல சொல். காடும் நல்ல சொல். அகராதியில் இரண்டுக்கும் இழிவான பொருள் போடவில்லை. நேற்று ஒரு குழுவில் இதைச் சொன்னேன், உடனே என்னைச் சாதி வெறியன் என்று எழுதிவிட்டார்கள், என் அப்பா எந்த ஊர், என்ன தொழில் என்றெல்லாம் தேடி எடுத்துப் போட்டார்கள். நான் சொல்லின் பொருளைத்தானே கேட்டேன்?

08.11.2025, இரவு 10.15

தம்பி, கேள்வியின் பின்பாதிக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் அப்பாவை இழுத்தது தவறு, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. நானும் ஒருமுறை அப்படி ஒருத்தியின் ஊரை இழுத்திருக்கிறேன், அதைப் பிறகு எழுதுகிறேன்.

இப்போது முன்பாதி. மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் 22 வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். 'நாற்றம்' என்றால் பழைய தமிழில் நறுமணம் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக் கொடுக்கிறேன். அதை நம்பி ஒரு பிள்ளை பக்கத்து வாங்கில், அதாவது பெஞ்சில், இருக்கும் பிள்ளையிடம் "உன்னிடம் நாற்றம் வீசுது" என்று சொன்னால் அடிதான் விழும். அகராதியைக் காட்டி அந்த அடியைத் தடுக்க முடியாது.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அம்மாவோடு டவுனுக்கு மாவு வாங்கப் போனேன். கடையில் கூட்டம். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணிக்கொண்டிருந்தார். கடைக்காரர் நிமிர்ந்தும் பார்க்காமல், "தோட்டக்காட்டுச் சனம் கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார். அவரும் தமிழர்தான். அம்மா தள்ளி நின்றார். மாவு வாங்கும்போது காசைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தார். வீடு வரும்வரை, அதாவது மூன்று மைல், எதுவும் பேசவில்லை. தோட்டம், காடு இரண்டுக்கும் அகராதியில் இருக்கும் பொருளை அம்மாவும் அறிவார். அன்று அந்தக் கடையில் அவருக்குக் கிடைத்த பொருள் வேறு.

09.11.2025, காலை 6.05

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். கடைக்காரருக்குச் சொல்லவேண்டிய பதிலை உங்களுக்குச் சொன்ன மாதிரி இருக்கிறது. கேட்டது நீங்கள், அவர் இல்லை. தெரியாமல் கேட்டவரும், தெரிந்துகொண்டே சொன்னவரும் ஒரே சொல்லைத்தான் பாவிக்கிறார்கள், அதனால் ஆள் மாறிப்போகிறது. அந்த 'அடிதான் விழும்' வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். பிறகு இருக்கட்டும் என்று விட்டேன், அதை எழுதியபோது கோபமாகத்தான் இருந்தேன்.

09.11.2025, இரவு 11.20

சரி, சொன்ன கதை.

கல்வியியற் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் வடக்கைச் சேர்ந்தவள். மூன்று வருடம் ஒரே அடுப்பில் தேத்தண்ணி. எங்கள் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. 2022இல், சாமான் விலை எல்லாம் ஏறி, பிள்ளைகளுக்கு எழுதும் கொப்பி வாங்கவே கஷ்டமாக இருந்த நேரம், அவள் அதில் ஒரு செய்தி போட்டாள். தன் ஊரில் கொப்பி, பழைய தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாள் எல்லாம் சேர்ப்பதாகவும், அதை "தோட்டக்காட்டுப் பிள்ளைகளுக்கு" அனுப்பப்போவதாகவும்.

நான் உடனே எழுதினேன்: "அந்தச் சொல்லை எடு." நன்றி சொல்லவில்லை. எத்தனை கொப்பி என்று கேட்கவில்லை. சொல்லை எடு, அவ்வளவுதான்.

அவள்: "அதில் என்ன பிழை? நீர் முதலில் அகராதியைப் பாரும்."

அந்த 'நீர்', 'பாரும்' இரண்டும் என்னைச் சுட்டன. எங்கள் பக்கம் 'நீ' இருக்கிறது, 'நீங்க' இருக்கிறது. 'நீர்' என்று யாராவது சொன்னால் பழைய நாடகத்து ராஜா மந்திரியை அதட்டுகிற மாதிரித்தான் காதில் விழும். அவளுடைய ஊரில் 'நீர்' என்பது சமவயதுக்காரர் அன்போடும் மதிப்போடும் சொல்வது, கணவன் மனைவிகூட அப்படி அழைப்பார்கள். கல்லூரியில் மூன்று வருடம் அவள் என்னை 'நீர்' என்றுதான் கூப்பிட்டாள், ஒரு நாளும் சுடவில்லை. குரல் கூடவே வந்தது, சிரிப்பு வந்தது. போன் திரையில் எழுத்து மட்டும் வந்தது.

நான் எழுதினேன்: "உங்கள் ஊர்ச் சாதித் திமிரை அகராதியில் ஒளிக்காதே."

அவள்: "ஏன் என்னைப் பேசுறீர்?"

நான்: "பேசத்தானே குழு இருக்கிறது. பேசக்கூடாது என்று சொல்ல நீ யார்?"

இதைப் பார்த்ததும் அவளுடைய ஊர்க்காரர் இரண்டு பேர் வந்தார்கள், என் பக்கம் நாலு பேர் வந்தார்கள். இரவு ஒரு மணிவரை நடந்தது. 'கள்ளத்தோணி', அதாவது இந்தியாவிலிருந்து திருட்டுத்தனமாக வந்தவர்கள் என்ற வசை, அது வரைக்கும் போனது. அதைச் சொன்னது அவள் இல்லை, இன்னொருவர். காலையில் அவள் குழுவை விட்டுப் போயிருந்தாள்.

கொப்பி வரவில்லை. அந்த வருடம் என் பாடசாலையில் தரம் 5இல் 31 பிள்ளைகள் இருந்தார்கள்.

10.11.2025, மாலை 5.30

"என்னைப் பேசுறீர்" பற்றி ஒரு வாசகர் சரியாகப் பிடித்திருக்கிறார், அவருக்கு நன்றி. யாழ்ப்பாணத்தில் 'பேசுவது' என்றால் பெரும்பாலும் ஏசுவது. "அம்மா பேசுவா" என்றால் அம்மா திட்டுவார் என்று அர்த்தம். சும்மா உரையாடுவதற்கு அவர்களுக்குக் 'கதைப்பது' இருக்கிறது. அவள் கேட்டது "ஏன் என்னைத் திட்டுகிறாய்" என்று. நான் வாசித்தது "என்னோடு ஏன் பேச்சுக் கொடுக்கிறாய்" என்று. அதாவது அவள் வலிக்கிறது என்றாள், வாயை மூடு என்று எனக்குக் கேட்டது.

தமிழ் ஆசிரியை நான். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாத ஒன்றா? நன்றாகத் தெரியும். வகுப்பில் வட்டார வழக்கு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். கோபம் ஏறியதும் அது மறந்துபோகிறது, எதிரே எழுதுகிறவரும் நம் ஊர்த் தமிழில்தான் எழுதுகிறார் என்று நினைத்துக்கொள்கிறோம்.

12.11.2025, இரவு 9.00

இழை வேறு பக்கம் போகிறது, போகட்டும், இதுவும் முக்கியம்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் நிரை வீடான 'லயம்' பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார்: லயம் என்பது 'லாயம்' என்பதிலிருந்து வந்ததாம், வெள்ளைக்காரன் நம்மைக் குதிரை மாதிரிக் கட்டி வைத்ததால் அந்தப் பெயராம்.

இல்லை. நிரையாகக் கட்டிய அறைகளை ஆங்கிலத்தில் லைன் என்றார்கள். அது எங்கள் வாயில் லயன் ஆகி, கடைசியில் தமிழ்ச் சொல் மாதிரி 'அம்' சேர்ந்து லயம் ஆனது. இன்றும் வயதானவர்கள் லயன் என்றே சொல்வார்கள். எங்கள் வாழ்க்கையில் இப்படிச் சொற்கள் நிறைய. பிரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கூடுவது), செக்ரோல் (பெயர்ப் பதிவு), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை) எல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்து எங்கள் நாக்கில் தேய்ந்தவை. அறையைக் காம்பரா என்கிறோமே, அது போர்த்துக்கேயர் விட்டுப்போனது. பிள்ளைகளைப் பார்க்கும் இடம் பிள்ளைக்காம்பரா. நான் பிறந்தது தொங்கல் காம்பராவில், அதாவது கடைசி அறையில், பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஏழு பேர். அதைப் போய் ஒருவர் குதிரைக் கொட்டில் என்று எழுதுகிறார். எங்கள் அம்மா சாணி மெழுகி, இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், கோலம் போட்டு வைத்த வீடு அது. தெரியாத ஒன்றைப் பற்றி எழுதுவதற்கு முன் கொஞ்சம் கேட்டுவிட்டு எழுதலாம்.

13.11.2025, காலை 5.50

நேற்றைய குறிப்பின் கடைசி மூன்று வரிகளுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். லயம் எப்படி வந்தது என்று எழுதியதில் மாற்றம் இல்லை. ஆனால் அவரைப் பார்த்து எழுதிய தொனி சரியில்லை.

அவர் இரவு எனக்குத் தனியாக எழுதினார். பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர், லயத்தில்தான் வளர்ந்தார், அவருடைய காம்பராவுக்குப் பக்கத்துக் காம்பராவில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். லாயம் என்ற விளக்கத்தை அவர் எங்கோ கேட்டிருக்கிறார், கேட்டவுடன் இதுதான் உண்மை என்று பட்டிருக்கிறது, ஏனென்றால் அவருடைய அனுபவத்துக்கு அது பொருந்தியது. என்னைப் போலவே அவரும் எங்கள் மக்களுக்காகத்தான் கோபப்பட்டார். ஒரே பக்கம் நின்றுகொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டோம்.

சொல்லின் வேர் பற்றிய சண்டைகளில் இது அடிக்கடி நடக்கிறது என்று நினைக்கிறேன். வேர் பிழையாக இருக்கும், அந்த வேரைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்ல வந்த துயரம் உண்மையாக இருக்கும். பிழையைத் திருத்தும்போது துயரத்தையும் சேர்த்துத் தட்டிவிட்டால் அவருக்குப் பிழை திருந்திய மாதிரி இருக்காது, பொய்யன் என்று சொன்ன மாதிரி இருக்கும். என் கோலத்தைச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது. அவருடைய ஆட்டைச் சொல்ல அவருக்கும்.

15.11.2025, இரவு 8.40

'கூலி' பற்றிக் கேட்டவருக்கு.

தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்பது 619ஆவது குறள். அங்கே கூலி எவ்வளவு கௌரவமாக நிற்கிறது பாருங்கள், தெய்வத்தால் முடியாதபோதும் முயற்சி அதைத் தருகிறது. பிறகு தோட்டத்துரைமாரின் கணக்குப் புத்தகத்தில் அதே ஒலி ஒரு ஆளின் பெயராக மாறியது. ஊதியம் போய் ஆளே கூலி ஆனார். இத்தனை கூலி வந்தது, இத்தனை கூலி செத்தது என்று எழுதினார்கள். ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனதா, குஜராத்துப் பக்கத்து ஒரு சமூகத்தின் பெயரிலிருந்து போனதா என்று இரண்டு கட்சி உண்டு. எந்தக் கட்சி வென்றாலும் எங்கள் தாத்தாவுக்கு அது விழுந்த விதம் மாறாது.

'துண்டு' என்ற சொல்லும் இப்படித்தான். தோளில் போடுவது, ஒரு துணுக்கு, இதுதான் உங்களுக்கு. எங்கள் பாட்டன்மார் காலத்தில் துண்டு என்றால் கடன் சீட்டு. ஆட்களைக் கூட்டிவந்த கங்காணியிடம் வாங்கிய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் காகிதம். துண்டு கிடைக்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். "துண்டு கேட்டான்" என்று ஒரு கிழவர் சொன்னால் அதில் ஒரு குடும்பத்தின் விடுதலை இருக்கிறது. நன்னூல் இதைக் குழூஉக்குறி என்று சொல்லும், ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் ஒரு சொல்லுக்கு வேறு பொருள் வைத்துப் பேசுவது. எங்கள் குழூஉக்குறிகளை நாங்கள் ஆசைப்பட்டு வைக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

15.11.2025, இரவு 9.10

மேலே "கங்காணியிடம் வாங்கிய கடன்" என்று எழுதினேன். கடன் முழுக்க ஆசைப்பட்டு வாங்கியது போல ஒலிக்கிறது. பயணச் செலவு, சோறு, துணி எல்லாம் கணக்கில் ஏறி, வந்து சேரும்போதே கடனாளியாகத்தான் சேர்ந்தார்கள். 'வாங்கிய' என்ற ஒரு சொல் இதை மறைத்துவிட்டது.

19.11.2025, இரவு 10.50

எதிர்பார்த்த சண்டை வந்துவிட்டது: 'மலையகத் தமிழர்' என்பதா, 'இந்திய வம்சாவளித் தமிழர்' என்பதா. கீழே இரண்டு பேர் ஒருவரை ஒருவர் துரோகி என்று அழைத்திருக்கிறார்கள். இரண்டு பேருடைய வாதத்தையும் நான் எழுதிப் பார்க்கிறேன், அவர்கள் வாசித்துவிட்டு "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று சொல்வார்களா என்று பார்க்கலாம்.

மலையகத் தமிழர் என்பவர் சொல்வது: 1823இல் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் முதல் கோப்பித் தோட்டம் தொடங்கி இருநூறு வருடம் தாண்டிவிட்டது. 1911 குடிசன மதிப்பில் முதல்முறையாக எங்களை 'இந்தியத் தமிழர்' என்று தனியாக எண்ணினார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அந்த 'இந்திய'த்தை வைத்துத்தான் எங்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் ஒருவரையும் கேட்காமல் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள், மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கு போட்டார்கள். இன்னும் அந்தச் சொல்லை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரியவேண்டுமா?

இந்திய வம்சாவளி என்பவர் சொல்வது: களுத்துறை, காலி ரப்பர் தோட்டங்களில் மலை எங்கே இருக்கிறது? 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள் இறங்கியது சமவெளியில். கொழும்பில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர் எந்த மலையைச் சொல்வார்? 2003இல் மிச்சப் பேருக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டத்திலேயே இந்திய வம்சாவளி என்றுதான் இருக்கிறது. எங்கள் பாட்டி வந்த ஊரின் பெயரைச் சொல்வதில் என்ன வெட்கம்?

இதில் பொய் எது? நான் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஒருவருக்கு 'இந்திய' என்பது துரத்திய கையின் பெயர். மற்றவருக்கு அது பாட்டியின் பெயர். 'மலை' என்பதும் அப்படித்தான். தோட்டத்தில் "எட்டாம் நம்பர் மலை" என்றால் தேயிலை நிற்கும் ஒரு பகுதி, வேலை செய்யும் இடம். 'மலையகம்' என்று சொல்லும்போது ஒருவருக்கு அந்த உழைப்பு கேட்கிறது, இன்னொருவருக்குப் புவியியல் பாடம் கேட்கிறது.

2024 கணக்கெடுப்பில் இரண்டு பெயரையும் ஒரே கட்டத்தில் போட்டார்கள். 2012இல் நாட்டுச் சனத்தொகையில் 4.1 சதவீதமாக இருந்தவர்கள் 2024இல் 2.8. எங்கள் வீட்டிலேயே என் தம்பி தன்னை இலங்கைத் தமிழர் என்று எழுதினான். "பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சே வேண்டாம் அக்கா" என்றான். அவனோடு சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்கு மலையகத் தமிழர் என்பதுதான் பெயர், அதை மாற்றமாட்டேன். அதற்காகத் தம்பியைத் துரோகி என்று சொல்லமாட்டேன்.

20.11.2025, பிற்பகல் 2.15

"இரண்டு பக்கமும் சரி என்று நழுவுகிறீர்கள் டீச்சர்" என்று ஒருவர். நழுவவில்லை. ஒரு சொல்லை நான் முழுதாக எதிர்க்கிறேன், அது 'தாயகம் திரும்பியோர்'. அந்த 1964 ஒப்பந்தப்படி இந்தியா போனவர்களுக்கு அங்கே அரசாங்கம் வைத்த பெயர். என் பெரியம்மா பிறந்தது இங்கே, பூப்பெய்தியது இங்கே, கொழுந்து எடுத்துக் கை காய்த்தது இங்கே. 1982இல் அவரைக் கோச்சியில், அதாவது ரயிலில், ஏற்றினார்கள், தலைமன்னார் போய்க் கப்பலில் இராமேஸ்வரம். அந்தக் கோச்சிக்கு எங்கள் சனம் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. ஹட்டன் ஸ்டேஷனில் அம்மாவின் இடுப்பில் நான் இருந்தேனாம், எனக்கு மூன்று வயது. முன்பின் காணாத ஊருக்கு ஒருவர் எப்படித் 'திரும்ப' முடியும்? தமிழ்நாட்டுக் கோத்தகிரியில் அவரைச் சிலோன்காரி என்று அழைத்தார்கள். இங்கே இருந்தவரை இந்தியாக்காரி, அங்கே போனதும் சிலோன்காரி.

இந்த இடத்தில் நான் சொல்லுக்காகச் சண்டை பிடிப்பேன். ஆனால் சண்டை அந்தப் பெயரை வைத்த காகிதத்தோடு. அதைத் தெரியாமல் பாவிக்கும் ஒரு கல்லூரி மாணவனோடு இல்லை.

23.11.2025, இரவு 9.30

வகுப்பில் நடந்த ஒன்று, பிறகு குடும்பத்தில் நடந்த ஒன்று.

தரம் 10இல் ஒரு பெண்பிள்ளை கட்டுரையில் "என் அம்மா வேலைக்குப் போகிறார்" என்று எழுதியிருந்தாள். பின் வாங்கில் இருந்த பையன், "உங்கம்மா மலைக்குத்தானே போறா, அது வேலையா?" என்றான். வகுப்பு சிரித்தது. அவள் எழுந்து அவனுடைய அப்பா குடிப்பதைச் சொன்னாள். பாருங்கள், ஒரே நிமிடம்தான், 'வேலை' என்ற சொல்லிலிருந்து அப்பாவின் சாராயப் போத்தலுக்கு வந்தாயிற்று.

இரண்டு பேரையும் நிற்கவைத்து, அவள் வேலை என்று எதைச் சொல்கிறாள் என்று அவனைச் சொல்லச் சொன்னேன். அவள் தலையை ஆட்டும்வரை உட்காரக்கூடாது. அவன் மூன்று தரம் சொன்னான். முதல்முறை கேலியாக. இரண்டாவது முறை, "சம்பளம் வருவதை வேலை என்கிறாள்." அவள் தலையை ஆட்டவில்லை. மூன்றாவது முறை கொஞ்சம் யோசித்து, "விடிய நாலு மணிக்கு எழும்பிச் சமைத்து வைத்துவிட்டுப் பிரட்டுக்குப் போறதை" என்றான். அது அவனுடைய அம்மாவும் செய்வது. அவள் தலையை ஆட்டினாள். பிறகு அவள் முறை: அவன் 'வேலை' என்பது கதிரையில் உட்கார்ந்து செய்வதை, அவன் படித்து எடுக்க நினைப்பதை. அவனும் தலையை ஆட்டினான். இருவரும் தங்கள் பொருளை மாற்றிக்கொள்ளவில்லை. அப்பாவைப் பற்றிச் சொன்னதற்கு மட்டும் அவள் இடைவேளையில் போய் ஏதோ சொன்னாள், என்ன என்று நான் கேட்கவில்லை.

பெரியவர்களிடம் இது எடுபடவில்லை. 2021இல் வேதன சபை முடிவுப்படி தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானியில் வந்தபோது, கொழும்பில் கணக்கு வேலை செய்யும் என் மச்சான் முறையானவர் குடும்பக் குழுவில் "ஆயிரம் வந்துவிட்டது, வாழ்த்துகள்" என்று போட்டார். தோட்டத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன் "எங்கே வந்தது, பொய் சொல்லாதே" என்றான். அது 900 அடிப்படை, 100 வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு, இரண்டும் சேர்த்து ஆயிரம். மச்சானுக்குக் கூட்டுத்தொகை சம்பளம். சித்தப்பா மகனுக்கு, எடுத்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கணக்கு, போட்டுவிடுவார்கள், மாதம் முடிந்து கையில் வருவதுதான் சம்பளம். யாரும் யாரையும் என்ன கணக்கு என்று கேட்கவில்லை. "படித்த திமிர்", "பழகிப்போன பஞ்சப்பாட்டு" என்று போய், அடுத்த கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்காரவில்லை. இரண்டு பேருக்கும் என் கையால் தனித்தனியாகப் பாயாசம் ஊற்றினேன்.

24.11.2025, காலை 6.30

இவ்வளவும் எழுதுகிறேன், மூன்று வருடமாக அந்தக் கல்லூரித் தோழிக்கு ஒரு வரி எழுதவில்லை. அவளோடு சமாதானம் ஆனீர்களா என்று நேற்று இரவு கேட்டவருக்கு உண்மையான பதில் இதுதான்: இல்லை, சமாதானம் ஆகவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் இல்லை. 'அந்தச் சொல் எனக்கு வலிக்கும், அதை இன்றும் ஏற்கமாட்டேன். ஆனால் சாதித் திமிர் என்று சொன்னது பொய், உன்னிடம் அதை நான் ஒரு நாளும் கண்டதில்லை.' இரண்டையும் ஒரே செய்தியில் எழுதவேண்டும். முதல் பாதியை விட்டுவிட்டு மன்னிப்பு மட்டும் கேட்டால் அம்மா பலகையில் வைத்த காசுக்கு நான் என்ன பதில் சொல்வது? அதனால்தான் இழுத்துக்கொண்டே போகிறது.

25.11.2025, இரவு 10.05

அனுப்பிவிட்டேன். இரண்டு பாதியையும். வாசித்ததைக் காட்டும் நீலக் கோடு ஒன்றும் விழவில்லை.

05.12.2025, மாலை 4.00

டித்வா புயலில் ஒரு கிழமையாகக் கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. நாங்கள் பத்திரம். மேல் பிரிவில் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து எட்டுக் குடும்பம் பாடசாலையில் இருக்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் நன்றி, தனித்தனியாகப் பதில் எழுத இப்போது முடியாது.

06.12.2025, இரவு 8.20

போனைச் சார்ஜ் பண்ணிப் போட்டதும் அவளுடைய செய்தி கிடந்தது. 28ஆம் திகதியே அனுப்பியிருக்கிறாள். நான் எழுதியதைப் பற்றி ஒன்றும் இல்லை. "நீர் பத்திரமா? பிள்ளைகள்? படங்கு எத்தனை வேணும் என்று சொல்லும், லொறி ஒன்று வருது."

எனக்கு விளங்கவில்லை. படங்கு என்றால் எங்களுக்குக் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றுகிற சாக்கு. மண் சரிந்து கிடக்கும்போது கொழுந்து எடுக்கிற சாக்கு எதற்கு? இதையும் ஏதாவது குத்தலாக எழுதியிருக்கிறாளா என்று ஒரு விநாடி நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன். பிறகு கேட்டேன்: "உங்கள் ஊரில் படங்கு என்றால் என்ன?"

அவள் ஒரு படம் அனுப்பினாள். கூரைக்கு மேல் விரித்துக் கட்டுகிற நீலத் தறப்பாள்.

நான் அம்மாவின் பழைய படங்கைத் தேடி எடுத்து, இஸ்தோப்பில் விரித்து, அதைப் படம் எடுத்து அனுப்பினேன். தேயிலைக் கறை அப்படியே இருக்கிறது. கீழே எழுதினேன்: "இது எங்கள் படங்கு. உங்கள் படங்கு பதினைந்து வேணும்."

"சரி. எங்கே இறக்கிறது? இடத்தின் பெயரைச் சரியாச் சொல்லும், திரும்பவும் பிழையா எழுதிப் பேச்சு வாங்க எனக்கு ஏலாது."

பிரிவின் பெயர், பாடசாலையின் பெயர், லொறி திரும்பும் சந்தி எல்லாம் எழுதி அனுப்பினேன். நாளை மறுநாள் வருகிறதாம்.